முப்பத்தோராம் மாடிப் பூநாரை

5 ஜனவரி 2025, ஞாயிறு
மாணவியர் விடுதி, தூத்துக்குடி மாவட்டம்

பாசமுள்ள டென்சில் அண்ணனுக்கு,

ஷைனி எழுதுவது. சரியாகச் சொன்னால் என் அறைத்தோழி சைனப் எழுதுவது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கூலி இரண்டு முறுக்கு. நான் சுகம். நீ சுகமா? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? மாட்டுங்கா மெஸ்ஸில் இன்னும் நின்றுகொண்டேதான் சமைக்கிறார்களா?

போனில் மாதத்துக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கிறார்கள். அதில் அம்மா அழுது முடிப்பதற்கே நாலு நிமிஷம் போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கிறிஸ்மஸ் லீவு முடிந்து வந்ததும் என்னை வாசிப்பு வகுப்பில் போட்டுவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்கள் நாங்கள் பதினோரு பேர். அம்மிணி டீச்சர் நல்லவர்தான். ஆனால் புத்தகம்! “அணில் மரம் ஏறியது. அணில் பழம் தின்றது.” எனக்கு வயது பதிமூன்று. தாராவியிலிருந்து தனியாக பஸ் ஏறி மாட்டுங்கா போய் வந்தவள் நான். அந்த அணில் தின்றால் எனக்கு என்ன, பட்டினி கிடந்தால் எனக்கு என்ன? நேற்று ஒரு இரண்டாம் வகுப்புப் பொடிசு என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, “அக்கா, நீங்களும் அணிலா?” என்று கேட்டது.

எனக்கு வாசிப்பு வராது, அண்ணா. பம்பாயிலும் வரவில்லை, இங்கும் வரவில்லை. மார்ச் கடைசியில் ஒரு வாசிப்புத் தேர்வு இருக்கிறது. அதையும் எழுதிவிட்டு, பெரிய லீவுக்கு வந்தால் திரும்பிப் போக மாட்டேன். அம்மாவோடு மெஸ்ஸுக்குப் போகிறேன். அம்மாவிடம் நீ பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் தங்கை
ஷைனி

•

18 ஜனவரி 2025
தாராவி

அன்புத் தங்கச்சி ஷைனிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. ஸ்டூல் வாங்கிக் கொடுத்தேன். அதில் பாத்திரம் வைத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தை என்னோடு வேலை செய்யும் மாரிசெல்வமும் கேட்டான். அணில் வந்ததும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நீ படிப்பை விடக் கூடாது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உனக்கு அணில் வேண்டாம், அவ்வளவுதானே? வேறு ஒன்று சொல்கிறேன். இது இன்று காலை நடந்தது.

செம்பூரில் ஒரு கட்டடம். முப்பத்தொரு மாடி. நானும் மாரியும் அதன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறோம். மூன்று நாள் வேலை. நாளையோடு முடிகிறது. தொட்டி ஒவ்வொன்றும் நம் வீட்டைவிடப் பெரிது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். கண் எரிந்தது. மூச்சு வாங்க வெளியே வந்தேன்.

தூரத்தில் கடல் சேறு தெரிந்தது. சேற்றின் மேல் ரோஸ் நிறம். யாரோ புடவை காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்று மைல் நீளத்துக்கு யார் புடவை கட்டுவார்கள்? பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் புடவை எழுந்தது. எழுந்து பறந்தது.

எல்லாம் பறவை! ஆயிரக்கணக்கில் பறவை! மாரி “அரே பாப்ரே!” என்று தலையில் கை வைத்தான்.  பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். இது இங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

அப்போது எங்கள் பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பினேன். தொட்டி ஓரம் ஒரு பறவை. என் இடுப்பு உயரம். நீளக் கழுத்து, குச்சிக் கால். ஆனால் ரோஸ் நிறம் இல்லை, சாம்பல் நிறம். இடது சிறகு தொங்கியது. வாட்ச்மேன் பிரம்மநாயகம் மாமா மேலே வந்து பார்த்தார். “ஏல, இது கொக்கு இல்லல. ஃப்ளெமிங்கோ குஞ்சு. வளர வளரத்தான் ரோஸ் ஆகும்” என்றார்.

அதற்குள் காக்கைகள் வந்துவிட்டன. முதலில் இரண்டு. பிறகு இருபது. ஒன்று வந்து அதன் முதுகில் கொத்தியது. நான் ஓடிப்போய் அதைத் தூக்கினேன். அதன் நெஞ்சு என் கையில் படபடவென்று அடித்தது. எடையே இல்லை. அதை எங்கே வைத்தேன் தெரியுமா?

கை வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

உன் அண்ணன்
டென்சில்

•

26 ஜனவரி 2025, ஞாயிறு

எருமை அண்ணனுக்கு,

நலம் எல்லாம் பிறகு. எங்கே வைத்தாய்? அந்த இடத்திலா கை வலிக்கும்?

அண்ணா, ஒன்று சொல்கிறேன், நம்புவாயா? உன் கடிதத்தை நானே வாசித்தேன். சைனப் வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். முதல் பத்தி வரைக்கும் கொடுத்தேன். பறவை வந்ததும் பிடுங்கிக்கொண்டேன். மூன்று நாள் ஆனது. விரல் வைத்து வாசித்தேன். காக்கை வந்த இடத்தில் விரல் வைக்க மறந்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று நடந்தது. எழுத்து தெரியவில்லை, பறவை தெரிந்தது. என் தலைக்குள் ஒரு குரல் கேட்டது. பயந்துவிட்டேன். பார்த்தால் அது உன் குரல்! வாசிப்பது என்றால் இதுதானா? எல்லோருக்கும் இப்படித்தான் கேட்குமா? இத்தனை வருஷம் யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே.

அணில் கூட்டத்தில் இருக்கும் மற்றப் பத்துப் பேரும் கேட்டார்கள். கொடுத்தேன். கிழியாமல் கை மாறிச் சுற்றுகிறது. அம்மிணி டீச்சர் பிடித்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். நின்றபடியே கடைசி வரை வாசித்துவிட்டு, “எங்க வச்சானாம்?” என்று கேட்டார். தமிழில் அதற்குப் பூநாரை என்று பெயராம்.

இந்தக் கடிதத்தில் பாதி நான் எழுதியது. சாய்ந்து போகும் எழுத்தெல்லாம் என்னுடையது. அம்மாவுக்கு முத்தம். உனக்குக் கிடையாது. பறவைக்கு உண்டு.

ஷைனி

•

2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே அனைவரும் சுகம். அம்மா ஸ்டூலில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

நீயே வாசித்தாய் என்று மாரி சொன்னதும் மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் கேட்டேன். அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

சரி, பறவை. கழுவி முடித்த தொட்டி ஒன்று காலியாக இருந்தது. அதைவிடச் சுத்தமான இடம் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. இரும்பு ஏணியில் இறங்கி அதை உள்ளே விட்டேன். ஒரு தட்டில் நல்ல தண்ணீர் வைத்தேன். மாரி நெத்திலி வாங்கி வந்தான். காக்கை நுழையாதபடி மூடியைப் போட்டோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போனேன். மூடியின் மேல் கை வைத்தேன். உள்ளே சத்தம் இல்லை. மூடியைத் தூக்கினேன்.

அது நின்றுகொண்டிருந்தது. ஒற்றைக் காலில். கழுத்தை வளைத்து என்னை நிமிர்ந்து பார்த்தது.

கை வலிக்கிறது.

டென்சில்

•

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

என் தங்க அண்ணனுக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம்! “அது நின்றுகொண்டிருந்தது” என்று வாசித்ததும் கத்திவிட்டேன். வார்டன் ஓடி வந்தார்.

இப்போது பதினோரு பேர் இல்லை, இருபத்துநாலு பேர். நன்றாக வாசிக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு முதலில் கிடையாது. முதலில் அணில்களுக்குத்தான். தபால்காரர் வரும் நேரம் கேட்டில் கூட்டம். “ஃப்ளெமிங்கோ லெட்டர் வரலைம்மா” என்று அவரே சொல்லிவிட்டுப் போகிறார். நெத்திலி தின்றதா? சிறகு ஆறியதா? சீக்கிரம் எழுது. நீளமாக எழுது.

ஒரு சந்தேகம். என் கடிதத்தை ஏன் மாரி அண்ணன் சொல்லி நீ கேட்கிறாய்? உனக்குக் கண் வலியா?

அன்புடன்
ஷைனி

•

19 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷைனிக்கும் இருபத்துநாலு பேருக்கும்,

நலம். நீங்களும் நலமாக இருங்கள். கண் வலி ஒன்றும் இல்லை. மாரிக்குச் சத்தமாக வாசிக்கப் பிடிக்கும்.

இருபத்துநாலு பேரா! மாரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். என் வாழ்க்கையில் என் பேச்சை இத்தனை பேர் கேட்டதில்லை.

பூநாரை நெத்திலி தின்கிறது. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போது அது தொட்டிக்குள் இருப்பதில்லை. தொட்டியின் மேல் ஏறி நின்று கடலையே பார்க்கிறது. தூரத்தில் கூட்டம் கத்தினால் கழுத்தை நீட்டுகிறது. காக்கைகள் இப்போது அதன் பக்கம் வருவதில்லை. ஒருமுறை ஒன்றைத் துரத்திவிட்டது.

நேற்று முதல் முறையாகக் காயம் ஆறிய வலது சிறகை விரித்தது. என்ன சொல்வேன், ஷைனி! மேலே சாம்பல் நிறம். சிறகின் உள்ளே, சூரியன் படும் இடத்தில், ரோஸ் நிறம். யாருக்கும் காட்டாமல் உள்ளே வைத்திருந்தது. காற்று வந்தது. அதன் கால் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது.

கை வலிக்கிறது.

டென்சில்

•

2 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மா நலமா? இந்தக் கடிதம் முழுதும் நான் எழுதியது.

உன் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்து வாசித்தேன். நான் எதையும் இரண்டாம் முறை வாசித்ததே இல்லை. இதை நாலு முறை வாசித்தேன். வாசிக்க வாசிக்க மூன்று கேள்வி வந்தது.

முதல் கடிதத்தில் இடது சிறகு தொங்கியது. மூன்றாவதில் வலது சிறகு ஆறியது. எது அடிபட்டது?

அந்தக் கட்டடத்தில் மூன்று நாள்தான் வேலை என்று எழுதினாய். வேலை முடிந்தபின் ஒரு மாதமாகத் தினமும் உன்னை யார் மேலே விட்டார்கள்?

பிளீச்சிங் பவுடரில் உனக்கே கண் எரிந்தது. மூச்சு வாங்க நீ வெளியே வந்தாய். அதே தொட்டிக்குள்ளா, அண்ணா, அதை வைத்து மூடினாய்?

இதை நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

ஷைனி

•

16 மார்ச் 2025, ஞாயிறு

அண்ணா,

சுகமா? பதிலே இல்லை. போனில் அம்மாவிடம் கேட்டேன். நீ வேலைக்குப் போகிறாய், வருகிறாய், பேசுவதில்லை என்றார்கள். நான் கேட்டது தப்பு என்றால் மன்னித்துக்கொள். 28-ஆம் தேதி தேர்வு. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வரியாவது எழுது.

ஷைனி

•

19 மார்ச் 2025
தாராவி

ஷைனிக்கு,

அம்மா சுகம். நான் சுகமாக இல்லை.

அது செத்துவிட்டது. அடுத்த நாள் காலையிலேயே. மூடியைத் தூக்கியது வரைக்கும் நிஜம். அதற்குப் பிறகு எல்லாம் நான் சொன்ன பொய். அது ஒரு மூலையில் கழுத்தைச் சுருட்டிப் படுத்திருந்தது. தண்ணீர்த் தட்டு அப்படியே இருந்தது. பிரம்மநாயகம் மாமா பறவைகளைக் காப்பாற்றுகிற ஒருவருக்கு போன் போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, நீ கேட்ட மூன்றாவது கேள்வி. ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து உடனே கூப்பிட்டிருந்தால் போதுமாம். அது இரை எடுப்பது சேற்றுத் தண்ணீரில்தானாம், தட்டில் இல்லை. நெத்திலியும் தின்னாதாம்.

சுத்தமான இடம் என்று நினைத்தேன், ஷைனி. என் வேலையில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. என் கையாலேயே மூடினேன்.

உனக்கு முதல் கடிதத்தைத் தபாலில் போடும்போதே அது செத்திருந்தது. நீ வாசிக்கவா போகிறாய் என்று இருந்தேன். நீ வாசித்துவிட்டாய். பிறகு எப்படிச் சொல்வேன்? பறவை செத்தால் நீ வாசிப்பதை விட்டுவிடுவாய் என்று பயந்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கு வாசிக்க வராது. அப்பா இறந்ததால்தான் ஒன்பதாம் வகுப்பில் நின்றேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். நன்றாக யோசித்துப் பார். நான் நின்ற நாலு மாதம் கழித்துத்தான் அப்பா இறந்தார். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் நான் போகவில்லை.

உன் கடிதத்தை மாரிதான் வாசிப்பான். பதிலை நான் போனிடம் சொல்வேன். போன் அதை எழுத்தாகக் காட்டும். நீளமாகச் சொன்னால் போன் குழம்பிவிடும். அதனால் சின்னச் சின்னதாகச் சொல்வேன். பிறகு ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து வரைவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். கை வலித்தது மட்டும் பொய் இல்லை.

நீ மூன்று கடிதத்தையும் வைத்துக் கண்டுபிடித்தாய். மாரி வாசித்ததும் முதலில் வெட்கம் வந்தது. பிறகு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜனவரியில் அணிலோடு மல்லுக்கு நின்ற பிள்ளை! நீ நின்றுவிடாதே. நான் நின்ற இடத்தில் நீ நிற்கக் கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

டென்சில்

•

30 மார்ச் 2025, ஞாயிறு

அண்ணா,

நான் சுகம். நீயும் சுகமாக இரு.

இதை மாரி அண்ணனிடம் கொடுக்காதே. போனிடமும் காட்டாதே. எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஒரு வரி விட்டு ஒரு வரி. உனக்கு அணில் கதை அனுப்பவில்லை. பயப்படாதே.

உன் கடிதம் வந்தது. குழாயடியில் உட்கார்ந்து வாசித்தேன். அழுதேன். அப்பா விஷயம் வந்ததும் இன்னும் அழுதேன்.

மறுநாள் எல்லோரும் கேட்டார்கள். பூநாரை பறந்ததா? பொய் சொல்ல எனக்கும் ஆசை வந்தது. சொல்லவில்லை. பறவை பற்றிய பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். உன்னைப் பற்றிய பக்கத்தை வாசிக்கவில்லை. அது எனக்கு மட்டும்.

 ஒருத்தி உன்மேல் கோபப்பட்டு எழுந்து போனாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்தாள். “அந்தச் சிறகு விரிச்ச பக்கத்தை மட்டும் மறுபடி வாசி” என்றாள். வாசித்தேன். அதைப் பொய் என்று சொல்லக் கூடாதாம். கதை என்று சொல்ல வேண்டுமாம். சைனப் சொல்கிறாள்.

தேர்வு முடிந்தது. செய்தித்தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம். முழுதும் வாசித்தேன். நாலு இடத்தில் தடுக்கியது. நிற்கவில்லை. அம்மிணி டீச்சர் என் தலையில் கை வைத்தார். ஜூனில் விடுதிக்குத் திரும்பி வருவேன். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

நான் மே மாதம் வருவேன். அப்போது கடலில் பூநாரை இருக்குமா? தெரியவில்லை. நீ போய்ப் பார். பார்த்து நீயே எழுது.

உன் ஷைனி

•

13 ஏப்ரல் 2025
குருத்து ஞாயிறு

ஷைனி,

நான் சுகம். அம்மா சுகம்.

இதை நான் எழுதுகிறேன். மாரி இல்லை. போன் இல்லை. உன் கடிதத்தைப் பார்த்து எழுத்து எடுக்கிறேன்.

உன் கடிதம் வாசிக்க ஐந்து நாள். முதல் நாள் ஒரு வரி. கடைசி நாள் உன் குரல் கேட்டது. பயந்துவிட்டேன். நீ சொன்னது நிஜம்.

இன்று பூசை முடிந்தது. கையில் குருத்தோலை. அப்படியே சிவ்டி போனேன். ரயில், பிறகு நடை. கடல் ஓரம் போய் நின்றேன்.

இருக்கிறது, ஷைனி. நிறைய. எண்ண முடியாது.

கிட்டே இருந்தது. பெரியது ரோஸ். நடுவில் சின்னது, சாம்பல். அதன் இடது சிறகைப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஒரு கப்பல் கத்தியது. எல்லாம் எழுந்தது. என் தலைக்கு மேல் போனது. வானம் தெரியவில்லை. சின்னதும் போனது. அதன் சிறகின் உள்ளே பார்த்தேன். ரோஸ்! நான் கதையில் சொன்ன அதே ரோஸ். எனக்குத் தெரியாமல்தான் சொன்னேன். நிஜமாக இருக்கிறது.

ஓலையை மார்பில் வைத்து நின்றேன். அழுதேன்.

போனிடம் இதைச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

உன் அண்ணன்
டென்சில்